ஐம்பதாயிரம் மணி நேரம்

கூடத்து ஃபால்ஸ் சீலிங்கில் பதித்த எட்டு எல்.இ.டி. விளக்குகளில் ஒன்று கண்ணடிக்கத் தொடங்கியது. அட்டைப்பெட்டியில் ஆயுள் 50,000 மணி நேரம். ராப்பகலாக எரித்தாலும் ஐந்தரை வருடத்துக்கு மேல் வரவேண்டும். இது பார்த்தது இரண்டே தீபாவளி.

எலக்ட்ரீஷியன் மெயினை அணைத்து, விளக்கை நெம்பி இறக்கினார். "லைட்டு நல்லாத்தான் இருக்கு சார், டிரைவர் போயிடுச்சு." நம்மிடம் ஏது கார் என்று பாட்டி குழம்பினாள். 230 வோல்ட்டை டி.சி.யாக்கித் தரும் சின்னப் பெட்டிதான் டிரைவர்; ஜிப்சம் பலகைக்கு மேலே காற்றில்லாமல் வெந்து, உள்ளே கெபாசிட்டர் உப்பியிருந்தது. அது மட்டும் தனியாகக் கிடைக்குமா? கடையில் சிரித்தார்கள்.

முழு விளக்கையே வாங்கினோம். ஓட்டையைவிட அரை அங்குலம் சிறியது. ஸ்பிரிங் கிளிப்புக்குப் பிடிமானமில்லை. ஓட்டையைப் பெரிதாக்க ரம்பம் இருக்கிறது, சிறிதாக்கத்தான் ஒன்றுமில்லை. ஏழு விளக்கு எரிகிறது. எட்டாவதிலிருந்து பல்லி எட்டிப் பார்க்கிறது.