திறப்பை யாரிடம் கொடுப்பது?

எங்கள் ஊரில் முன்பு வெளிநாட்டுப் பயணம் என்றால் ஆளைத்தான் ஆயத்தப்படுத்துவார்கள். வீட்டை யாரும் ஆயத்தப்படுத்தியதில்லை. வீட்டில் மற்றவர்கள் எல்லாரும் இருந்தார்கள்.

1984இல் அண்ணை ஜேர்மனிக்கு வெளிக்கிட்டார். 83 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு இளம்பொடியளை ஊரில் வைத்திருக்கப் பெற்றோர் பயந்த காலம் அது. மொஸ்கோ வழியாகக் கிழக்கு பெர்லினில் இறங்கி, ரயிலேறி மேற்கு பெர்லினுக்குள் போய்விட்டால் அகதியாகப் பதியலாம். 85 நடுப்பகுதியில் அந்த வழி எங்கள் ஆட்களுக்கு அடைபட்டது. ஏஜென்சிக்குக் கட்டத் தோட்டக் காணியை ஈடு வைத்தோம். அம்மாவின் தாலிக்கொடி அடைவுக்குப் போனது. ஒரு கிழமையாக உரல் ஓயவில்லை. மிளகாய்த்தூள் இடித்தார்கள், பயற்றம் பணியாரம் சுட்டார்கள், புழுக்கொடியலைத் துண்டு துண்டாக முறித்துக் கட்டினார்கள். நுவரெலியாவில் உத்தியோகம் பார்த்த மாமா தன் கம்பளிச் சட்டையைக் கொடுத்தார். காற்சட்டை மடிப்புக்குள் டொலரை வைத்துத் தைத்தவர் அம்மா. நல்லூர்த் திருநீற்றைப் பொட்டலமாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தவரும் அவர்தான்.

“போட்டு வாறன் அம்மா” என்று அண்ணை யாழ்தேவி ரயிலில் ஏறினார். அன்று பின்னேரமும் அம்மா கிணற்றில் அள்ளி வாழைகளுக்குத் தண்ணீர் ஊற்றினார்.

1990இல் போரால் யாழ்தேவியும் நின்றது, தரைப்பாதையும் மூடியது. போகிறவர்கள் இரவில் கிளாலி நீரேரியைப் படகில் கடந்தார்கள். 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமமே இடம்பெயர்ந்தபோது அம்மா முதலில் தூக்கியது காணி உறுதிகள் கிடந்த தகரப்பெட்டியை. அவர் அன்று செய்தது எவ்வளவு சரி என்று இப்போது விளங்குகிறது.

இன்று அம்மா இல்லை. ஸ்காபரோவில் மகளுக்குப் பிள்ளைப்பேறு. நானும் மனைவியும் ஆறு மாதம் போகிறோம். ஆள் ஆயத்தமாவது இப்போது பெரிய வேலை இல்லை. 2025 செப்டெம்பரிலிருந்து கடவுச்சீட்டு அலுவலகம் யாழ்ப்பாண மாவட்டச் செயலகத்திலேயே இருக்கிறது. பலாலி 2019இல் சர்வதேச விமான நிலையமானது. மிளகாய்த்தூள் ஸ்காபரோக் கடையிலேயே கிடைக்கிறது.

வீட்டுக்குத்தான் இரண்டு மாதம் தேவைப்படுகிறது. மாரிக்கு முன் பீலிகளைத் துப்புரவாக்க வேண்டும். சிரட்டை, பழைய டயர், பூச்சட்டி எல்லாவற்றையும் அப்புறப்படுத்த வேண்டும்; நவம்பரிலிருந்து ஜனவரி வரை இங்கே டெங்கு உச்சம் கொள்ளும். ஆளில்லா வளவுகளில் நுளம்பு பெருகுவதால் துன்பப்படுவது பக்கத்து வீட்டுக் குழந்தைகள்தான். கிணற்றுக்கு நுளம்பு வலை போட வேண்டும். ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இல்லாத குடாநாடு இது. சுண்ணாம்புப் பாறைக்குள் தேங்கும் மாரித் தண்ணீர்தான் எங்கள் கிணறு. அள்ளாத கிணறு பாசி பிடித்துக் கெட்டுப் போகிறது.

வீட்டைப் பார்த்துக்கொள்ள முன்வீட்டு அக்காவிடம் கேட்டேன். “நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ தம்பி. வெள்ளிக்கிழமையில விளக்கு வைக்கிறன், கிணத்திலயும் அள்ளுறன்” என்றார். ஆனால் அடுத்த வருசம் அவரும் மகனிடம் பாரிசுக்குப் போகிறார். எங்கள் ஒழுங்கையில் இப்போது பூட்டிய கேற்றுகள்தான் அதிகம். பல வீடுகளில் கமரா பூட்டியிருக்கிறார்கள். லண்டனில் இருந்து முற்றத்தைப் பார்க்கலாம், ஆனால் முற்றம் கூட்ட ஒருவர் வேண்டும்.

போகிறவர்களுக்கும் போய்விட்டவர்களுக்கும் சொல்வேன். உறுதிகளை ஒழுங்காக்கி, பிரதி எடுத்து, நம்பிக்கையான ஒருவருக்கு அற்றோணித் தத்துவம் எழுதிக் கொடுங்கள். உரிமையாளருக்கு எதிராகப் பத்து ஆண்டு தடையின்றி அனுபவித்தவர் காணிக்கு உரிமை கோரச் சட்டம் இடம் தருகிறது. போரால் இடம்பெயர்ந்தவர்களை இதிலிருந்து பாதுகாக்க 2016இல் கொண்டுவந்த விசேட சட்டம், 2009 மேயுடன் முடிந்த காலத்துக்கே உரியது. ஆனால் காணி பறிபோகும் என்ற பயத்தில் வீட்டை வெறுமையாகப் பூட்டி வைக்காதீர்கள். உங்கள் அனுமதியில் இருக்கிறோம் என்று எழுத்தில் ஒப்புக்கொள்பவர் உரிமை கோருவது கடினம். சொந்த வீடில்லாத ஒரு குடும்பத்தை அப்படி எழுதி இருத்துங்கள். வாடகை கேட்காவிட்டாலும் நட்டமில்லை.