நடந்துபோன மழை

கேள்வி: ஜெரண்ட், இன்ஃபினிட்டிவ், பார்ட்டிசிபிள்... இந்த ஆங்கில ‘வெர்பல் ஃப்ரேஸ்’ சமாசாரமெல்லாம் தெரியாவிட்டால் குடியா முழுகிப் போகும்?

பதில்: குடி முழுகாது, சிகரெட் விஷயத்தில்தான் குழப்பம் வரும். ‘ஹி ஸ்டாப்டு ஸ்மோக்கிங்’ என்றால் மனிதர் புகையை விட்டுவிட்டார், டாக்டருக்குச் சந்தோஷம். ‘ஹி ஸ்டாப்டு டு ஸ்மோக்’ என்றால் புகைப்பதற்காக நின்றார், பெட்டிக்கடைக்காரருக்குச் சந்தோஷம். முன்னது ஜெரண்ட், பின்னது இன்ஃபினிட்டிவ். வம்பு பிடித்தது பார்ட்டிசிபிள்தான். தமிழில் ‘மழை பெய்து குளம் நிறைந்தது’ என்று எழுவாய் மாறினாலும் யாரும் கேட்க மாட்டார்கள். அதே தைரியத்தில் ‘வாக்கிங் டு ஸ்கூல், த ரெயின் ஸ்டார்ட்டட்’ என்று எழுதினால், பள்ளிக்கூடத்துக்கு நடந்துபோனது நீங்கள் அல்ல, மழை! ஆகவே, கமாவை அடுத்து வரும் ஆசாமிதான் முன்னே சொன்ன வேலையைச் செய்தாரா என்று ஒருமுறை விசாரித்துவிட்டு எழுதுங்கள்.