மூன்று சக்கரமும் ஒரு முறுக்குக் கம்பியும்

கனடா கம்பெனியின் கேன்-ஆம் ஸ்பைடர் மூன்று சக்கர பைக் வைத்திருப்பவர்களில் சிலர், வளைவில் சாய்கிறதென்று முன்பக்க ஸ்வே பாரைக் கழற்றித் தடிமனானதை மாட்டுகிறார்கள். கையோடு ஷாக் அப்சார்பரையும் மாற்றுகிறார்கள். கோவை ஆர்.எஸ்.புரத்தில் நமக்கு வாய்த்த மூன்று சக்கரம் ஆட்டோதான். முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு. ஸ்பைடருக்கு நேர் எதிர்.

ஸ்வே பார் என்பது ஜோடிச் சக்கரங்களை இணைக்கும் முறுக்குக் கம்பி. கூட்டுக் குடும்பம் மாதிரி: ஒருவன் குழியில் விழுந்தால் அடுத்தவனுக்கும் முதுகு வலிக்கும். ஸ்பீடு பிரேக்கரில் இரண்டும் சேர்ந்து ஏறினால் மட்டும் அது கண்டுகொள்ளாது.

தடாகம் ரோட்டில் இதையெல்லாம் ஆட்டோக்காரரிடம் எடுத்துவிட்டேன். தோண்டி மூடிய பள்ளத்தில் ஒரு சக்கரத்தை இறக்கி ஏற்றியபடியே கேட்டுக்கொண்டார்.

“அதெல்லாம் எதுக்குங்ணா? வளைவு வந்தா நீங்க அந்தப் பக்கம் நவுந்து உக்காந்துக்குங்க. இன்னும் ரெண்டு பேரு ஏறுனா ஷாக்கும் மெத்துன்னு இருக்கும்.”

டி.பி. ரோடு திருப்பத்தில் நகர்ந்தேன். வண்டி சாயவில்லை. இறங்கும்போது பேசிய கூலிக்கு மேல் இருபது ரூபாய் கேட்டார். ஸ்வே பார் வேலை பார்த்தது என்னவோ நான்.