குந்து தம்பி

கோடை விடுமுறைக்கு மலையேறுகிறவர்களைக் கண்டால் என் நண்பனுக்கு ஆகாது. "ஊட்டிக்குப் போயி டிராபிக்ல குந்தினு இருக்கறதுக்கு எங்க கொல்லிக்கு வாடா. மாமரம் இருக்குது, கிணறு இருக்குது, கயித்துக் கட்டில் இருக்குது. ரெண்டு நாள் செத்த பாம்பு மாதிரி கிடந்துட்டுப் போ" என்று வருஷா வருஷம் அழைப்பான். அவன் ஊர் செஞ்சிப் பக்கத்து மேல்மலையனூர். கொல்லி என்றால் மலையல்ல, அவர்கள் நிலம்.

கத்திரி வெயிலில் செஞ்சிப் பக்கம் யாரும் குளிர்ச்சி தேடிப் போவதில்லை. வழியெல்லாம் பாறைக் குன்றுகள். பகலில் வாங்கிய வெயிலை ராத்திரி முழுக்க வட்டியோடு திருப்பித் தரும். 1690இல் செஞ்சிக் கோட்டையைச் சுற்றி வளைத்த முகலாயப் படை, விட்டு விட்டு முற்றுகையிட்டு 1698இல்தான் அதைப் பிடித்தது. இவ்வளவு தாமதமா என்று தளபதி சுல்பிகர் கானை இன்றுவரை சந்தேகப்படுகிறார்கள். அந்தப் பாறைக்கு எதிரே கூடாரம் போட்டுக் கோடையைக் கழித்த மனிதரிடம் சுறுசுறுப்பை எதிர்பார்ப்பது அநியாயம். 2025 ஜூலையில் யுனெஸ்கோ அந்தக் கோட்டையை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது நண்பன் போன் செய்து, "பார்த்தியா, உலகமே வருது, உனக்குத்தான் வலிக்குது" என்றான். அதற்குப் பிறகு மறுக்க வழியில்லை.

திண்டிவனம் பேருந்து நிலையத்தில் சனிக்கிழமை மத்தியானம் இறங்கியபோதே ஏதோ சரியில்லை என்று பட்டது. மேல்மலையனூர் பஸ் வந்து நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டுகளும் பைகளும் குழந்தைகளும் உள்ளே போய்க்கொண்டிருந்தன. கிடைத்த கம்பியைப் பிடித்து நின்ற என்னிடம் ஒரு பாட்டி, "சும்மாதானே நிக்கிற, இத செத்த புடி" என்று ஒரு பூசணிக்காயைக் கொடுத்தார். செஞ்சி தாண்டியும் வாங்கிக்கொள்ளவில்லை.

அங்கிருந்தே நண்பனைக் கூப்பிட்டேன். "இன்னைக்கு அமாவாசையாமேடா?"

"ஆமா, அது கோயில்ல. நம்ம கொல்லி ஊருக்கு வெளியே இருக்குது. ஒரு சத்தம் கேக்காது."

மேல்மலையனூர் அமாவாசையை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். பிரம்மனின் தலையைக் கிள்ளிய பாவத்தால் சிவன் கையில் ஒட்டிக்கொண்ட கபாலம், அங்காளம்மனால் இந்த ஊரில்தான் விலகியது என்பது தல புராணம். ஒவ்வொரு அமாவாசை ராத்திரியும் உற்சவ அம்மனை அலங்கரித்து ஊஞ்சல் மண்டபத்துக்குக் கொண்டுவந்து ஆட்டுவார்கள். பர்வதராஜகுலத்துப் பூசாரிகள் தாலாட்டுப் பாடுவார்கள். கீழே நிற்கும் கூட்டம் எலுமிச்சையிலும் தேங்காயிலும் பூசணியிலும் கற்பூரம் ஏற்றிக் கும்பிடும். ஆக, அன்றைக்கு அந்த ஊரில் ஊஞ்சலில் உட்கார்ந்து பாட்டுக் கேட்கிற பாக்கியம் ஒருத்திக்குத்தான். மற்றவர்களெல்லாம் நிற்கிறவர்கள்தான்.

நண்பன் வீட்டில் சத்தம் கேட்கவில்லை என்பது உண்மை. வெளியே இருந்து எதுவும் கேட்கவில்லை. உள்ளே ஆரணிச் சித்தி குடும்பம், பெங்களூரு பெரியப்பா குடும்பம், பாண்டிச்சேரியிலிருந்து யாருக்கோ மச்சினர், அந்த மச்சினரின் ஆபீஸ்காரர்கள். கோயிலூரில் வீடு வைத்திருப்பவனுக்கு உறவு அமாவாசைக்கு அமாவாசை வளரும். கயிற்றுக் கட்டிலில் நான்கு குழந்தைகள் தூங்கின. கிணற்றடியில் வரிசை.

ஆனால் அந்த வீட்டு அம்மாவை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். மாமரத்தடியில் ஆள் உயரத்துக்கு மல்லாட்டைச் செடி, அதாவது நிலக்கடலைச் செடி, பிடுங்கிக் குவித்திருந்தது. தைப்பட்டத்தில் போட்டது, அன்று காலைதான் பிடுங்கினார்களாம். கூலிக்கு ஆள் சொல்லவில்லை. பஞ்சாங்கத்தைப் பார்த்துத்தான் அறுவடைக்கே நாள் குறித்திருப்பார் போல.

"வாப்பா, வெயில்ல வந்திருக்க" என்று சொம்பு நிறைய மோர் கொடுத்தார். குடித்து முடித்துச் சொம்பைக் கீழே வைக்கவில்லை, "குந்து தம்பி" என்று ஒரு சாக்கை விரித்தார். பக்கத்தில் ஒரு கட்டுச் செடி வந்து விழுந்தது.

மல்லாட்டை ஆய்வது பார்க்கத்தான் சுலபம். பூ மேலே பூத்து, விழுது மண்ணுக்குள் இறங்கி, அங்கே போய்க் காய்க்கிற வம்புக்காரச் செடி அது. காயைக் கொத்தாக இழுத்தால் காம்போடு வரும். காம்போடு போட்டால் அம்மா பார்ப்பார். இடையிடையே ஒன்றை உடைத்து ஓட்டின் உள்பக்கம் கறுத்திருக்கிறதா, முத்திவிட்டதா என்று சோதித்தார். நான் சோதிக்கும் சாக்கில் தின்றேன், அதையும் பார்த்தார். வடகிழக்கில் கொஞ்சம் மேகம் கட்டியிருந்தது. மழை விழுந்தால் காய் முளைவிட்டுவிடும் என்பதால், பெங்களூரு பெரியப்பாவுக்குக்கூட இரக்கம் காட்டப்படவில்லை. வரும் வழியில் கடந்த அதே திண்டிவனத்தில் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1940இல் வந்த டி.எம்.வி. 2 முதல் எத்தனையோ ரகங்கள் அந்த ஊரின் பெயரைச் சுமந்து ஆந்திரா, கர்நாடகம் வரை போயிருக்கின்றன. செடியை உதறினால் காய் தானாக உதிர்கிற ரகம் வரும்வரை காத்திருக்க நான் தயார் என்று சொல்லிப் பார்த்தேன். "அதுவரைக்கும் இத ஆயி" என்றார் அம்மா.

என்னை அழைத்தவனை மட்டும் காணோம். கேட்டபோதெல்லாம், "மோட்டாருக்குப் போயிருக்கான்" என்று பதில் வந்தது. விவசாயிகளுக்கு 1990இலேயே மின்சாரத்தை இலவசமாக்கிவிட்டார்கள். ஆனால் மும்முனைக் கரண்ட் வருகிற நேரத்தில்தான் தண்ணீர் இறைக்க முடியும். மடை திருப்ப ஆள் வேண்டும். பாவம், உழைக்கிறானே என்று நினைத்துக்கொண்டேன். ராத்திரி ஊஞ்சல் பார்க்க எல்லோரும் கிளம்பியபோதும் அவன் மோட்டாருக்குத்தான் போயிருந்தான்.

ஞாயிறு காலை கேழ்வரகுக் கூழும் மோர் மிளகாயும் முடிந்ததும், மறுபடி சாக்கு விரிவதற்குள் காலாறக் கொல்லிப் பக்கம் நடந்தேன். கிணற்றோரம் மோட்டார் கொட்டகை. உள்ளே மேஜை ஃபேன் முழு வேகத்தில். கயிற்றுக் கட்டில், வீட்டில் இருந்ததைவிடப் புதிது. தலைமாட்டில் நுங்கு. கட்டிலில் நண்பன், அவன் சொன்ன அதே செத்த பாம்பு நிலையில். மடைப் பக்கம் தண்ணீர் போனதற்கான ஈரமே இல்லை.

எழுப்பவில்லை. நேராக அம்மாவிடம் வந்து, "அம்மா, அவன் ராத்திரி பூரா கண் முழிச்சிருக்கான். இன்னைக்கு மோட்டாரை நான் பாத்துக்கறேன்" என்றேன்.

அம்மா செடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"மோட்டாரு செல்லுல தட்டினா ஓடும், தட்டினா நிக்கும் தம்பி. டப்பா மாட்டி ரெண்டு வருசம் ஆவுது. அவங்கப்பாவும் இப்படித்தான், அமாவாசையானா மோட்டாருக்குப் போயிடுவாரு. நீ குந்து."