டெட் ஸ்டாக்

ஓசூர் சிப்காட்டில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்க்கிறேன். டி.சி. (டெலிவரி சலான்) இல்லாமல் ஒரு வாஷர்கூட கேட்டைத் தாண்டி உள்ளே வராது. டிரைவர் தமிழில் கெஞ்சினாலும், தெலுங்கில் திட்டினாலும், கன்னடத்தில் சாபம் விட்டாலும் வராது. அப்படிப்பட்டவன் வீட்டுக்குள் போன கிறிஸ்துமஸுக்கு டி.சி.யும் இல்லாமல் பில்லும் இல்லாமல் 19 அயிட்டம் நுழைந்துவிட்டது. சரக்கைப் பெற்றுக்கொண்டவர் என் மகள், வயது எட்டு.

முக்கிய சப்ளையர் என் மைத்துனி. எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை. அத்திப்பள்ளி டோலைத் தாண்டிக் கொஞ்ச தூரம் வந்தால் எங்கள் வீடு. முன்பெல்லாம் ஜூஜூவாடியில் வணிகவரிச் சோதனைச்சாவடி இருந்தது. 2017-ல் ஜி.எஸ்.டி. வந்ததும் எடுத்துவிட்டார்கள். லாரிக்காரர்கள் எல்லாம் சந்தோஷப்பட்டார்கள். எனக்கு மட்டும் இன்றும் வருத்தம்தான். இருந்திருந்தால் அவள் கார் டிக்கியையாவது திறந்து பார்த்திருப்பார்கள்.

எலத்தகிரியிலிருந்து வரும் மாமியார் ஒரு காலத்தில் ஒரு தூக்கு அதிரசமும் ஒரு கவுன் துணியும் கொண்டுவருவார். இப்போது அவரும், "என்ன கண்ணு வேணும், ஆன்லைன்ல போடச் சொல்றேன்" என்கிறார்.

19-ல் யூனிகார்ன் படம் போட்ட தண்ணீர் பாட்டில் மட்டும் 4. ஒரு பியானோ இருக்கிறது, பல்லி ஓடினாலே ஜிங்கிள் பெல்ஸ் பாடும். எங்கள் வீட்டுப் பல்லிக்கு இசை ஆர்வம் ராத்திரி இரண்டு மணிக்குத்தான் வரும். பேட்டரியைக் கழற்றலாம் என்றால் மூடியில் பொடி ஸ்க்ரூ. ஃபேக்டரியில் எந்த அளவுக்கும் ஸ்க்ரூடிரைவர் எடுத்துக் கொடுப்பவன், வீட்டில் கத்தி முனையை வைத்துத் திருகிக்கொண்டு இருட்டில் உட்கார்ந்திருந்தேன்.

இந்தக் கிறிஸ்துமஸ் பரிசு வழக்கத்தையெல்லாம் தொடங்கிவைத்தவர் புனித நிக்கோலாஸ். இன்றைய துருக்கியில் இருக்கும் மைராவின் ஆயர், நான்காம் நூற்றாண்டுக்காரர். மூன்று பெண்களுக்குச் சீர் செய்ய வழியில்லாமல் தவித்த ஒரு அப்பனின் வீட்டுக்குள் ராத்திரியோடு ராத்திரியாகப் பொன் முடிச்சுகளைப் போட்டுவிட்டுப் போனார் என்பது கதை. மொத்தமே மூன்று முடிச்சு, அதுவும் பொன். பிரித்துப் பார்க்கும்போது மூஞ்சி எப்படிப் போகிறது என்று வீடியோ கால் போட்டுக் கேட்கவும் இல்லை.

போன பங்குனியில் வீட்டில் 5எஸ் கொண்டுவந்தேன். வேண்டாததைக் கழித்து, இடத்தை ஒழுங்காக வைக்கும் ஜப்பானிய ஃபேக்டரி முறை. இந்த ஊரில் 5எஸ் என்றால் யாரும் முழிக்க மாட்டார்கள். 2002-ல் டி.வி.எஸ். மோட்டார் தரத்துக்கான டெமிங் பரிசு வாங்கிய ஊர். டீக்கடையில் கைசன் பேசுகிற ஆட்கள் உண்டு. மகளிடம் சிவப்பு அட்டைக் கட்டைக் கொடுத்துச் சொன்னேன்: "மூணு மாசமா யாரும் தொடாத பொருள்ல இதைக் கட்டு. அதையெல்லாம் வேற பிள்ளைங்களுக்குக் கொடுத்துடலாம்."

"எல்லாப் பொருளுக்கும் இதே ரூல்தானாப்பா?"

"எல்லாத்துக்கும்."

இப்படி ஒரு கேள்வியை ஆடிட்டர் கேட்டிருந்தால் உஷாராகியிருப்பேன்.

சாயங்காலம் வந்து பார்த்தால் முதல் அட்டை என் சென்னப்பட்டணக் குதிரையில். சாமான்யமான சாமான் இல்லை அது. ஆலெ மரம், அதாவது நம் வெப்பாலை. கடைசலில் பிடித்து, அரக்குச் சாயம் ஏற்றியது. பிள்ளை நல்ல பொம்மை எது என்று தெரிந்துகொள்ளட்டும் என்று நானே தேடிப்போய் வாங்கி, அரை மணி நேரம் விளக்கமும் கொடுத்தேன். அந்த அரை மணி நேரத்துக்குப் பிறகு அவள் அதைத் தொடவே இல்லையாம். பல்லிப் பியானோவில் அட்டை கிடையாது. "அதைத்தான் நீங்க தினம் நைட்டு எடுக்கிறீங்களே."

இரண்டாவது அட்டை என் கிட்டாரில். மூன்றாவது, இந்த ஊருக்கு வேலைக்கு வந்த புதிதில் வாங்கிய 30 நாளில் கன்னடம் கற்கும் புத்தகத்தில். நான்காம் நாள் பாடத்தில் பஸ் டிக்கெட் அடையாளம் வைத்தபடி இருந்தது. எக்ஸர்சைஸ் சைக்கிளை மட்டும் ஏன் விட்டாள் என்று கேட்டேன்.

"அதுல துணி காயுதுப்பா. யூஸ்ல இருக்கு."

என் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "ஏங்க, உங்களுக்கு ஒண்ணு கட்டலையேன்னு சந்தோஷப்படுங்க" என்றாள்.

இந்த டிசம்பர் முதல் வாரம் மைத்துனி போன் செய்தாள். "மாமா, இந்த வருஷம் பாப்பாவுக்கு ஒண்ணுமே வேணாம்னு அக்கா சொல்றா. நெஜமாவா?"

நான் வாயைத் திறப்பதற்குள் மகள் போனைப் பிடுங்கினாள். "சித்தி, ரெட் டேக் தீர்ந்துபோச்சு. ஒரு கட்டு மட்டும் வாங்கிட்டு வாங்க."

ஞாயிற்றுக்கிழமை கார் வந்தது. கட்டு வரவில்லை. 'டேக் மேக்கிங் கிட்' வந்தது: ஆறு நிறத்தில் மினுமினுப்புத் தூள், பசை, ஓட்டை போடும் மெஷின். அதற்கு இலவச இணைப்பாக, யூனிகார்ன் படம் போட்ட தண்ணீர் பாட்டில் ஒன்று.