மாப்ளே, தீக்குப் பாய் விரிக்காதீக!

போடிக்கு மேல கொட்டகுடிப் பக்கம் சரிவுல நீங்க கட்டியிருக்கிற தோட்டத்து வீட்டைப் பாத்தேன் மாப்ளே. தீ வந்து பாத்தா ஒரு குறை சொல்லாது. முத்தம் பூரா சருகு, ஓட்டு மேல சருகு, சுவரை ஒட்டி விறகு அம்பாரம், வாசல்ல தென்னங்கீத்துப் பந்தல். தலை தீபாவளிக்குக்கூட உங்களுக்கு நான் இம்புட்டுத் தாராளமா விருந்து வைக்கல.

கேட்டா, "இயற்கையா விட்டிருக்கேன் மாமா"ங்கிறீக. சரி. மாசி பொறந்து மலையில புல்லு காஞ்சு சலசலக்கும்போது இயற்கை உங்களை விடுமான்னும் ஒரு வார்த்தை கேட்டு வச்சுக்கங்க.

காட்டுமாடு வருதுன்னு மேல்பக்கம் வேலி போட்டிருக்கீக. கெட்டிக்காரத்தனம்தான். கீழ்ப்பக்கம் மட்டும் நெஞ்சளவு புல்லு நிக்கிது. தண்ணி பள்ளத்துக்கு ஓடும், தீ மேட்டுக்கு ஓடும். சரிவு பத்து டிகிரி கூடுனா தீயோட வேகம் ஏறக்குறைய ரெட்டிப்பாகும்னு அதையே படிச்சவுக கணக்குச் சொல்றாக. கீழ எரியிற அனல், மேல இருக்கிற புல்லை முன்னாலயே வறட்டி வச்சிருது. போதாததுக்குப் பகல்ல காத்தும் மேல்நோக்கித்தான் அடிக்கும். நீங்க ரசிச்சு ரசிச்சுப் பாக்குற அந்தப் பள்ளத்துல இருந்துதான் அது ஏறி வரும்.

இதுல விளையாட்டு இல்ல மாப்ளே. 2018 மார்ச் 11, ஞாயித்துக்கிழமை. கொழுக்குமலைக்கு மலையேத்தம் போயிட்டுக் குரங்கணிக்கு இறங்குன இளவட்டங்களைக் காஞ்ச புல்லுக்குள்ள தீ மடக்கிருச்சு. செத்தது இருபது பேருக்கு மேல. குரங்கணி ஜனம்தான் மொதல்ல ஏறி ஓடுச்சு, அப்புறம் விமானப்படை ஹெலிகாப்டரு வந்துச்சு. மலையேத்தத்துக்கு அரசாங்கம் விதி போட்டது அதுக்குப் பிறகு. உங்க வீட்டுக்கு விதி போட எவரு வருவாக? என்னை மாதிரிக் கிழடுதான் வரணும்.

சினிமாவுல தீ மதிலு கணக்கா வந்து வீட்டை முழுங்கும். நெசத்துல பெரும்பாலும் வீட்டைக் கெடுக்கிறது பொறி. காத்துல பறந்து வந்து ஓட்டு இடுக்குல, கீத்துப் பந்தல்ல, விறகுல குந்தும். அமெரிக்காவுலயும் ஆஸ்திரேலியாவுலயும் எரிஞ்ச ஊர்களைப் போய்ப் பாத்திருக்காக. பக்கத்து மரம் பச்சையா நிக்குதாம், வீடு சாம்பலாக் கெடக்குதாம். போடின்னா வெளியூர்க்காரனுக்கு ஏலக்காய். நமக்கு இலவம்பஞ்சும் உண்டு. பங்குனி, சித்திரையில காயை உடைச்சு, பஞ்சு மூட்டையைத் திண்ணையில அடுக்கி வச்சீகன்னா பொறிக்கு நீங்களே மெத்தை போட்ட புண்ணியம் சேரும்.

பெரிய செலவு ஒண்ணும் இல்ல. வெளக்குமாறும் அருவாளும் போதும். வீட்டைச் சுத்தி அஞ்சடிக்கு வெறும் மண்ணும் கல்லும்தான் இருக்கணும். முப்பதடிக்குப் புல்லைக் கணுக்கால் உசரத்துக்கு அறுங்க. கீழ்ச்சரிவுல இன்னும் தள்ளிப் போங்க. மரத்தை வெட்ட வேணாம், தாழ்ந்த கிளையைக் கழிச்சாப் போதும். விறகையும் பஞ்சையும் அந்த முப்பதடிக்கு அங்கிட்டு வைங்க. ஓட்டு இடுக்கைப் பூசி அடைங்க. காத்து வர்ற ஓட்டைக்குப் பொடிக்கண்ணு கம்பிவலை அடிங்க. தொட்டியில தண்ணி நிக்கணும், ஜீப்பு வந்து திரும்ப வழியும் இருக்கணும்.

அதுக்காகக் கூட்டுன சருகை அங்கேயே கொளுத்தீராதீக! நம்ம மலையில தீ பெரும்பாலும் தானாப் பொறக்கிறதில்ல. ஒரு பீடித்துண்டு, புதுப்புல்லு தழையட்டும்னு வச்ச கொள்ளி, உங்களை மாதிரி ஒரு சுத்தக்காரன் போட்ட குப்பைத்தீ, இதுல ஒண்ணா இருக்கும். ரிசர்வ் காட்டுல தீ வைக்கிறது குத்தம்னு 1882லயே வெள்ளைக்காரன் சட்டம் போட்டுட்டான். சருகைக் கொண்டுபோய் ஏலச்செடி மூட்டுல மூடாக்காப் போடுங்க. அங்க ஈரம் காக்கும், மக்கி உரமாகும்.

இம்புட்டும் செஞ்ச பிறகும் தீ வந்தா, ஓஸ் பைப்பைப் பிடிச்சுக்கிட்டு வீரம் காட்டாதீக. புகையைக் கண்டதுமே 101க்குப் போனைப் போடுங்க, வனத்துறைக்கும் சொல்லுங்க. கேஸ் சிலிண்டரை மூடி, கதவு சன்னலைச் சாத்திட்டு, ரோடு திறந்திருக்கும்போதே போடிக்கு இறங்கிருங்க. மலை மேல மட்டும் ஏறி ஓடாதீக, தீ உங்களை முந்திரும். வீடு போனா இன்னொண்ணு கட்டலாம், அதுக்கும் நான் வந்து நொட்டை சொல்லுவேன். எம்மகளையும் பேரப்புள்ளைகளையும் முன்னால ஏத்தி விட்டுட்டு நீங்களும் ஏறுங்க. மொதல்ல, மாசி பொறக்கிறதுக்குள்ள அந்த வெளக்குமாறை எடுங்க. மாப்பிள்ளை கையில வெளக்குமாறான்னு எவனாச்சும் சிரிச்சா, மாமன் சொன்னாருன்னு எம்மேல பழியைப் போடுங்க.