கடல்மட்டத்தில் ஒரு பஜிரோ

மிற்சுபிசி பஜிரோ டக்கார் ராலியில் 12 தடவை வென்ற வாகனம். பாலைவனத்தையும் மலையையும் மனதில் வைத்துச் செய்த ஜப்பான்காரன், இரண்டாம் தலைமுறைப் பஜிரோவின் டாஷ்போர்ட்டில், வண்டி எவ்வளவு சரிந்து நிற்கிறது என்று காட்ட ஒரு மீற்றரும், கடல்மட்டத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று காட்ட இன்னொன்றும் வைத்தான். அந்த வண்டிதான் கல்லடியில் என் வீட்டு முற்றத்தில் நிற்கிறது. இந்தப் பக்கம் வாகனம் ஏறக்கூடிய மேடு என்றால் கல்லடிப் பாலம்தான். உயரம் காட்டும் முள் பூச்சியத்தில் படுத்துக் கிடக்கிறது. பழுதா, இல்லை உண்மையைத்தான் சொல்கிறதா என்று அறிய நுவரெலியாவுக்கு ஏறவேண்டும். அதற்கு முதலில் ரேடியேற்றர் சம்மதிக்கவேண்டும்.

தொண்ணூறுகளில் பஜிரோ வந்தால் உள்ளே மந்திரி இருப்பார். 2004 சுனாமிக்குப் பிறகு தொண்டு நிறுவனக்காரர் இருந்தார்கள். இப்போது உள்ளே இருப்பதைவிட அடியில் படுத்திருப்பதே அதிகம், படுத்திருப்பது நான்.

விற்றுவிடலாமே என்பீர்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்கு மறுபடி கதவு திறந்தது 2025 பெப்ரவரியில். அந்த இடைவெளியில் என் வண்டியிலிருந்து ஒவ்வொரு சாமானாகக் கழன்று விழ, அதன் விலை மட்டும் ஏறிக்கொண்டே போனது. ஏறுகிற சாமானை யார் விற்பார்? வைத்திருந்தேன். வைத்திருந்தால் திருத்தவேண்டும். கராஜ் பாஸ் ஒருவர் பொனட்டைத் திறந்து பார்த்துவிட்டு, மரியாதையோடு மூடி, "ஒரு ஓட்டோ எடுங்க அண்ணன்" என்றார். அன்றே ஒரு செட் சாவி வாங்கினேன்.

ஜப்பான்காரனில் குற்றமில்லை. கிழக்கே கடல், மேற்கே வாவி. இரண்டு பக்க உப்புக் காற்றும் கைகோர்ப்பது என் செசியில்தான். வாவிமேல் வழக்குப் போட முடியாது. திருத்தும் புத்தகங்கள் எல்லாம் நட்டைக் கழற்றுங்கள் என்று ஒரு வரியில் தாண்டிப் போகின்றன. கல்லடியில் அந்த ஒரு வரிதான் முழு வேலையும்: கம்பிப் பிரஷால் கறள் சுரண்டி, ஒயில் விட்டு இரவு ஊறவைத்து, காலையில் புளோ லாம்பால் சூடாக்கி, கும்பிட்டு, கடைசியில் வாளால் அறுப்பது. புது நட்டுக்குக் கொழும்புப் பஞ்சிகாவத்தை. முந்நூறு கிலோமீற்றருக்கு மேல். இரவு பஸ்ஸில் பார்சலாக வரும், பெரும்பாலும் சைஸ் மாறி.

கடைசியாக வந்த வருத்தம் நாலு சில்லு விவகாரம். இந்த வண்டியில் முன்சில்லுகளை இணைப்பது காற்றின் இழுவை. எஞ்சினோடு ஓடும் பம்ப் ஒன்று காற்றை உறிஞ்ச, அந்த இழுவை மெல்லிய ரப்பர்க் குழாய்களால் போய் முன் அச்சைப் பூட்டுகிறது. ரப்பர் வெடித்தால் டாஷ்போர்ட்டில் முன்சில்லு விளக்குகள் முடிவெடுக்காமல் மினுங்கிக்கொண்டேயிருக்கும். சோதிக்கும் முறை எளியது. குழாயைக் கழற்றி வாயால் உறிஞ்சி, நாக்கால் அடைத்துப் பார்ப்பது; நாக்கைப் பிடித்து வைத்திருந்தால் குழாய் நல்லது.

அந்தக் கோலத்தில் பக்கத்து வீட்டு மாமி மதிலால் எட்டிப் பார்த்தார். 2022இல் இரவிரவாக டீசல் கியூவில் நின்ற ஊர் இது. குழாயும் வாயுமாக ஒருவன் வண்டிக்குக் கீழே கிடந்தால் ஒரே அர்த்தம்தான்.

"என்ன மனே, ஆர்ர டீசல உறிஞ்சிறா?"

"டீசல் இல்ல மாமி, காத்து."

"காத்துக்கும் தட்டுப்பாடு வந்திட்டா?" என்றவர், வீட்டுக்காரருக்குச் சொல்ல உள்ளே ஓடினார்.

பஞ்சிகாவத்தைக்குக் காத்திராமல் மீன்தொட்டிக் கடையில் காற்றுக் குழாய் இரண்டு முழம் வாங்கிப் பூட்டினேன். மினுக்கம் நின்றது. நாலு சில்லும் ஒரே சொல்லுக்கு வந்தன.

வெள்ளோட்டத்துக்குக் கிரான் பக்கம் போனேன். மாரியில் கிரான் - புலிபாய்ந்தகல் வீதி தண்ணீருக்குள் போய்விடும். சனம் படகிலும் உழவு மிசினிலும்தான் கடக்கும். நான் கரையில் நிறுத்தி, கம்பொன்றால் ஆழம் பார்த்துக்கொண்டிருந்தேன். பெட்டி நிறையச் சனமும் ஆடுமாக ஒரு மிசின் பக்கத்தில் வந்து நின்றது. ஓட்டிவந்த பொடியன் பஜிரோவை மேலும் கீழும் பார்த்தான்.

"அண்ணன், இதில நாலு சில்லும் சுத்துமா?"

"சுத்தும்."

"நம்மட மிசின்ல ரெண்டுதான் சுத்துது" என்று சொல்லிக்கொண்டே தண்ணீருக்குள் இறங்கிப் போய்விட்டான்.

நான் ரிவர்ஸ் கியரைச் சோதித்தேன். அருமையாக விழுந்தது.